ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

என் அப்பா தட்சிணாமூர்த்திக்குச் சந்தேகம் வந்தால் புருவம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரமாக அவை பிரியவே இல்லை. எல்லாம் எங்கள் காரால்தான்.

அது என்னைவிட மூத்த கார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இன்ஜின் சூடாக ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், இன்ஜினைச் சூடாகாமல் காப்பாற்றும் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தது. அப்பா தண்ணீரோடு பச்சை நிறக் கூலன்ட் கலந்து நிரப்பினார். மறுபடியும் குறைந்தது. காருக்குக் கீழே பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை!

"யாரோ எடுக்கிறாங்க," என்றார் அப்பா.

யாரோ இல்லை, செல்வா அண்ணன்தானாம்! அவர் முழுப்பெயர் செல்வகுமார். அயனம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இருக்கிற கார்களையெல்லாம் தினமும் காலையில் துடைப்பவர். "இன்னா சார், வண்டி ஹீட் ஆவுதா? எங்க மாமா பூந்தமல்லில ஷெட் வெச்சுகினு கீறாரு. ஒரு தபா காட்டுங்க சார்," என்று அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுவே வினையாகிவிட்டது.

"பார்த்தியா ரோஷினி? ரேடியேட்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கு. அதைத் திறந்தா தண்ணி பக்கெட்ல இறங்கிடும். வண்டி கெட்டதும் மாமா ஷெட்டுக்கு வேலை! எப்படித் திட்டம் போட்டிருக்கான் பாரு!"

சனிக்கிழமை ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் அப்பா எழுதிவிட்டார். 'கார் துடைக்கிற ஆளை மாற்ற வேண்டும். நாளை மாலை மீட்டிங்கில் பேசுவோம்.' உடனே கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. எங்கள் ஃப்ளாட்டை விட்டால் செல்வா அண்ணனுக்கு வேறு வேலை கிடையாது.

"அவர் எடுத்ததை யாராவது பார்த்தாங்களாப்பா?"

"நீ பேசாதே! தினம் முன்சீட்டுல உட்கார்ந்து மேட்டை ஈரம் பண்றவ நீ. தண்ணி பாட்டிலை ஒழுங்கா மூடத் தெரியல."

"நான் கொட்டலப்பா!"

அப்பா கேட்கவே இல்லை. மேட் நனைந்தால் நான், தண்ணீர் குறைந்தால் செல்வா அண்ணன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆள் தயார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு அப்பா மறுபடி நிரப்பியதும், பானட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.

ஞாயிறு காலை பால்கனியில் நின்று காவல் காத்தேன். செல்வா அண்ணன் பக்கெட்டோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கதவைத் துடைத்தார். பிறகு எங்கள் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, அப்பா சொன்னது நிஜமா?

இல்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அவர் போனதும் அப்பாவை இழுத்துக்கொண்டு போய் பானட்டைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

"நீ பார்க்கிறது தெரிஞ்சிருக்கும். அதான் இன்னிக்கு எடுக்கல," என்றார் அப்பா. இந்த மனுஷரை என்ன செய்வது!

எனக்கு ஷூ வாங்க, பாடியில் இருக்கும் கடைக்குக் கிளம்பினோம். வேண்டுமென்றே பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பாடி மேம்பாலத்துக்கு முன்னால் ஒரே நெரிசல். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அப்பா அவசரமாக ஓரம் கட்டினார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து பானட்டைத் திறந்தார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

"அப்பா, வண்டி ஓடும்போதுதான் குறையுது. செல்வா அண்ணன் என்ன பானட்டுக்குள்ளேயா உட்கார்ந்திருக்கார்?"

நான் திரும்ப சீட்டில் ஏறியபோது கால் சொதசொதவென்றது. மேட் நனைந்திருந்தது. குனிந்து தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளை டிஷ்யூவால் துடைத்தேன். அதில் பச்சை நிறம்!

"அப்பா! நான் குடிக்கிற தண்ணி என்ன பச்சையாவா இருக்கு?"

அப்பாவின் புருவங்கள் சட்டென்று பிரிந்தன.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு ஷெட்டுக்கு மெதுவாக ஓட்டினோம். "வாட்டர் பம்ப் போயிருக்கும் சார்," என்றார் மெக்கானிக் ஜஸ்டின். நான் டிஷ்யூவை நீட்டினேன். அவர் மேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கரெக்டா புட்ச்ச பாப்பா! ஹீட்டர்ல ஓட்டை சார்."

"ஹீட்டரா? இந்த வண்டியில ஹீட்டர் இருக்கா?"

"கீது சார். குளிருக்குப் போடறது. இன்ஜின் சுடுதண்ணி அதுக்குள்ள வந்து போவும். மெட்ராஸ்ல யாரு போடப் போறா? இருக்கிற வேக்காடு போதாதா?"

அவர் ஹீட்டருக்குப் போன இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றினார். தண்ணீர் ஹீட்டர் பக்கம் போகாமல் அப்படியே திரும்பிவிடும்படி இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார். அதன் பிறகு வீடு வரும் வரை முள் பாதியைத் தாண்டவே இல்லை.

"அப்பாடா! மீட்டிங்ல இனி நான் ஒண்ணும் பேசல, விடு," என்றார் அப்பா.

"அது எப்படிப்பா? தப்பா எழுதினப்ப எல்லாருக்கும் எழுதினீங்க. இதையும் எல்லாருக்கும் சொல்லுங்க."

அப்பா முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னார். மாலை மீட்டிங்குக்குச் செல்வா அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "தப்பு என்னோடது. தண்ணி என் காருக்குள்ளேயேதான் ஒழுகியிருக்கு. செல்வா, என்னை மன்னிச்சிடு," என்றார்.

செல்வா அண்ணன் கண் சிவந்திருந்தது. "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். ரொம்ப நோவுது," என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே, "சரி சார், வண்டி நல்லாயிட்ச்சில்ல? அது போதும்," என்றார்.

மறுநாள் காலையில் அப்பா கீழே போய், "உள்ளேயும் துடைச்சிடுப்பா, மேட் எல்லாம் ஈரம்," என்று கார் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிக்கு வந்து காபி குடித்தார்.