இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கோடு

காலை 11.40. பல் மருத்துவமனையாக மாறிக்கொண்டிருந்த பழைய வீட்டின் நடு அறையில் ஒரு சுவர் சரிந்தது. தூசி அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. செங்கற்களை அள்ளிப் போட்டபோது முதலில் தெரிந்தது ஒரு கை. அது கசங்கிய வரைபடம் ஒன்றைப் பிடித்திருந்தது.

அது என் அண்ணனின் கை. அவன் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுபவன். ஒரு கோடு விட்டுப்போனாலும் முழுத் தாளையும் மறுபடி அச்சிடுவான் என்பதால் அங்கே அவனுக்குக் 'கோட்டய்யா' என்று பெயர்.

பகல் 1.15க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். அவருக்கு முன்பே முடிவு வந்துவிட்டிருந்தது. 'வரைந்தவரின் கவனக்குறைவு' என்று அலுவலகத்தின் இன்ஜினியர் எழுதியே கொடுத்திருந்தார். ஐந்து மணிக்கு அறிக்கை மேலே போக வேண்டும். அண்ணி அதில் கையெழுத்துப் போட மறுத்து வாசலிலேயே நின்றார்.

கையில் கட்டுடன் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார் மேஸ்திரி.

"முட்டுக் குடுக்காம ஏன் இடிச்சீங்க?"

"பழைய சுவருன்னா குடுப்போம் மேடம். மண்ணு வெச்சுக் கட்டினது, தொட்டா உதிரும். ஆனா மேல பூச்சு பூசிட்டா பழசும் புதுசும் ஒண்ணாத்தான் தெரியும். கோட்டய்யா படத்துல ரெண்டும் சேர்ற எடத்துல குறுக்க ஒரு கோடு நிக்கும். கோடு இருந்தா முட்டு. இந்தப் படத்துல கோடே இல்ல."

"அவர் அப்ப எங்க இருந்தார்?"

"ஒம்பது மணிலேர்ந்து மாடிய அளந்துக்கிட்டிருந்தாரு. படம் வந்துச்சு, நாங்க ஆரம்பிச்சோம். சத்தம் கேட்டு எறங்கி வந்து படத்தப் பிடுங்கிப் பாத்தாரு. 'அது வேற சுவருய்யா, வெளிய போ'ன்னு என்னப் பிடிச்சுத் தள்ளினாரு. நான் வெளிய வந்து விழுந்தேன். அவரு வரல."

விழுந்த சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு மிச்சம் நின்றது. இன்ஸ்பெக்டர் டேப்பை விரித்தார். சுவரின் கனம் 34 சென்டிமீட்டர். அங்கிருந்து எதிர்ச்சுவர் வரை அறையின் அகலம் 420.

2.30. அலுவலகம். இன்ஜினியரின் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் ஒரு ஆர்டர் சீட்டு குத்தியிருந்தது: நடு அறைக் கண்ணாடித் தடுப்பு, சுவருக்குச் சுவர் 422, அனுப்பியது காலை 10.05.

"படத்த அச்சிட்டது யாரு?"

"நான்தான். பத்து அம்பதுக்கு. அவர் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து டிரைவர்கிட்ட குடுத்தனுப்பினேன்."

"எதையாவது மாத்தினீங்களா?"

"நான் ஏன் மாத்தறேன்? இன்னைக்கு அந்தப் படத்த மொதல்ல பாத்ததே அப்பத்தான். இந்தப் படம் வரையற சாஃப்ட்வேர்ல 'கோர்ஸ்'னு ஒரு மேலோட்டமான பார்வை இருக்கு மேடம். அதுல வெச்சா ஒட்டின சுவரெல்லாம் ஒண்ணாக் கலந்துரும். நடுக் கோடு மறைஞ்சிரும். அதுல விட்டுட்டுப் போயிட்டாரு. யானைக்கும் அடி சறுக்கும்."

"முட்டுக் குடுத்தா வேலை எத்தன நாள் தள்ளும்?"

"ஒரு பத்து நாள். அடுத்த வாரம் திறக்கறதா வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் வரைபவள் அழுது வீங்கிய கண்களுடன் ஒரு தாளை நீட்டினாள்.

"லைட் போடறவருக்காக இதே படத்த நான் 9.10க்கு எடுத்தேன் மேடம். கோடு இருக்கு பாருங்க. அண்ணே பாஸ்வேர்டே வெக்க மாட்டாரு. 'என் படத்த எவம்மா திருடப்போறான்'ம்பாரு."

"கோர்ஸ்ல வெச்சுக் காட்டும்மா."

தன் கம்ப்யூட்டரில் அண்ணனின் வேறொரு படத்தைத் திறந்து காட்டினாள். சுவர்கள் வெறும் இரட்டைக் கோடுகளாயின. உள்ளிருந்த செங்கல், பூச்சு எல்லாம் மறைந்தன. நடுக் கோடும் மறைந்தது. மறுபடி 'ஃபைன்' என்ற நுணுக்கப் பார்வைக்கு மாற்றினாள். பூச்சுக் கோடுகளும் நடுக் கோடும் திரும்பின.

"இதுல சுவர் கலக்காதா?"

"ஒரே வகைச் சுவர் மட்டும் கலக்கும் மேடம். வேற வகைன்னா கோடு நிக்கும். அதுக்குத்தான் அண்ணே பழைய சுவருக்குத் தனி வகை வெச்சிருந்தாரு."

4.20. அதே அலுவலகம். இன்ஸ்பெக்டர் இன்ஜினியரையும் அந்தப் பெண்ணையும் உட்கார வைத்து, 9.10 தாளையும் அண்ணன் கையிலிருந்த கசங்கிய தாளையும் அருகருகே வைத்தார்.

"கசங்கின தாள்ல பூச்சு தெரியுது. அப்ப அது கோர்ஸ் இல்ல. யாரோ பழைய சுவரோட வகையவே புதுச் சுவரா மாத்தியிருக்காங்க."

"அவரே மாத்தியிருக்கலாம்," என்றார் இன்ஜினியர்.

"9.10க்குப் படம் சரியா இருந்துச்சு. அப்ப அவர் மாடில."

"இந்தப் பொண்ணும் இங்கதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இந்த ரெண்டு தாள்லயும் அறையோட அகலத்தப் படிங்க."

அவர் படிக்கவில்லை. அவளே படித்தாள். "ஒம்பது பத்து தாள்ல 420. கசங்கினதுல 422."

"பழைய சுவர் 34. புதுசு 30. வகைய மாத்தினதும் படத்துல சுவர் பக்கத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் மெலிஞ்சுது. அறை அந்த ரெண்ட வாங்கிக்கிச்சு. நெசமான அறை 420, நானே அளந்தேன். 422ங்கறது அந்தத் திரையில மட்டும்தான் இருந்துச்சு. அதப் பத்து அம்பதுக்குத்தான் மொதல்ல பாத்தீங்கன்னா, பத்து அஞ்சுக்கே கண்ணாடிக்கு எப்படி அனுப்புனீங்க?"

இன்ஸ்பெக்டர் பலகையிலிருந்து ஆர்டர் சீட்டை எடுத்து இரண்டு தாள்களுக்கும் நடுவே வைத்தார்.

"கோடு இருந்தா மேஸ்திரி முட்டு இல்லாமக் கை வெக்க மாட்டாரு. அதனால கோட்ட எடுத்தீங்க."

"பத்து நாள் மேடம்," என்றார் இன்ஜினியர். "விழும்னு நெனைக்கல."

4.50. 'வரைந்தவரின் கவனக்குறைவு' என்ற வரியை இன்ஸ்பெக்டர் அடித்தார். 'பிறரைக் காப்பாற்ற உள்ளே சென்றபோது' என்று மேலே எழுதினார். அண்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு முடிந்த பிறகு 9.10 தாளை எங்களிடம் கொடுத்தார்கள். அந்தக் கோட்டை நான் அளந்து பார்த்தேன். 34 சென்டிமீட்டர் சுவருக்குக் குறுக்கே, தாளில் ஏழு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.