இரண்டு வரிசைகள் அழிக்கப்பட்டன

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள அலுவலகத்துக்கு அவள் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்ததும் தலைவலித் தைல வாசனை அடித்தது. இரண்டு வருடமாகியும் போகாத வாசனை. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவளுடையது.

நாற்காலி மட்டுமா, கணவரும் முதலில் அந்த மூத்தவளுடையவர்தான். இறந்துபோன மனைவியின் குறிப்பேட்டைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார், இவளைப் பார்த்தார், மறுவருடம் கட்டிக்கொண்டார்.

குடியிருப்பின் வாயிற்கதவு, லிப்ட், வீட்டுப் பூட்டு எல்லாம் மூத்தவள் எழுதிய நிரலைக் கேட்டுத்தான் திறக்கும். விரல் வைத்தால் பதிவேட்டில் தேடும். ஆள் இருந்தால் வழிவிடும். இப்போது அதைப் பராமரிக்கும் இவள் எதை எழுதிக் கொடுத்தாலும் மேலாளர் ஒரு பெருமூச்சு விடுவார்.

"அவங்களா இருந்தா நாலு வரியில முடிச்சிருப்பாங்க."

கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

அன்று அவர் கேட்டது பெரிய பட்டியல். இதுவரை குடியிருந்த எல்லோரும், வீடுவாரியாக, கடைசியாகக் கதவைத் திறந்த நேரத்தோடு வேண்டும். மூன்று அட்டவணைகளை இணைக்க வேண்டிய வேலை. ஜாங்கோ என்ற மென்பொருளில் அதைப் பைத்தான் நிரல்மொழி வரிகளாகவே எழுதிவிடலாம்; தரவுத்தளத்தின் மொழிக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். ஒரே சிக்கல், காலிசெய்தவர்களையும் இறந்தவர்களையும் மூத்தவளின் நிரல் அழிக்காமல் 'இல்லை' என்று குறித்து மறைத்துவைத்திருந்தது. இவள் மறைந்தவர்களையும் சேர்த்துக் கேட்டாள். மூன்றே வரி. மேலாளர் பார்க்கட்டும்.

முதலில் பட்டியலில், ஆறாவது மாடியிலுள்ள தன் வீட்டைத்தான் பார்த்தாள்.

கணவர், காலை 8:10. அவள், 8:50. மூத்தவள், 11:42.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 11:43.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. செத்தும் என் வீட்டுக் கதவை விடமாட்டாளா? கணவரைக் கூப்பிட்டாள். வேலையிடத்தில்தான் இருந்தார், வீட்டுக்குப் போகவில்லை என்றார். பட்டியலில் இருந்ததைச் சொன்னாள்.

"அவ பேரை மட்டும் அழிச்சிடாத," என்றார் மெல்ல. "இருந்துட்டுப் போகட்டும்."

அந்தக் குரலில் இருந்த கனிவை அவர் இவளிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

போனை வைத்த வேகத்தில் எழுதினாள். வீடு எங்களுடையது, உறவு மனைவி, அடியோடு அழி.

திரையில் விடை வந்தது. இரண்டு வரிசைகள் அழிக்கப்பட்டன.

இரண்டா? ஆளுக்கு ஒரு வரிசைதானே?

அந்த வீட்டில் தானும் மனைவிதான் என்பது ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தன்னை மறுபடி சேர்த்தாள். நிரல் மறுத்தது. இப்போது குடியிருக்கும் மனைவி ஒரு வீட்டுக்கு ஒருத்திதான் என்று மூத்தவள் எப்போதோ விதி போட்டுவைத்திருக்கிறாள்.

இந்த வீட்டில் ஏற்கனவே மனைவி இருக்கிறார் என்றது திரை.

மறுபடி பட்டியலைக் கேட்டாள். இப்போது இரண்டே பேர். கணவர். மூத்தவள். அவள் பேரில் இருந்த 'இல்லை' என்ற குறியைக் காணோம்.

தைல வாசனை மூக்கில் ஏறியது. இழுப்பறை மூடித்தான் இருந்தது.

அவள் ஓடினாள். லிப்ட் அவள் விரலுக்கு அசையவில்லை. ஆறு மாடி ஏறி, மூச்சிரைக்க வீட்டுக் கதவில் விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். மணி அந்தக் கதவுக்குள்ளேயே அடித்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார்?

"என்னங்க, கதவைத் திறங்க. நான்தான்."

செருப்பில்லாத காலடிகள் கதவருகே வந்து நின்றன. சுவரிலிருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளே தூரத்தில் கணவரின் குரல் கேட்டது. அதே கனிவு.

"யாரும்மா வாசல்ல?"

ஒலிபெருக்கிக்கு மிக அருகில் ஒரு பெண் மூச்சு விட்டாள்.

"யாரும் இல்லீங்க."