அடுத்த திருப்பம் இடது பக்கம்

பள்ளிப் பேருந்தின் பழைய ஓட்டுநர் ஓய்வு பெற்றதும், அவர் இடத்துக்கு ஓர் அக்கா வந்தார். வண்டியை அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவார். வழிதான் தெரியாது.

முதல் நாள், மருந்துக் கடை அருகே திரும்ப மறந்துவிட்டார். இரண்டாம் நாள் முட்டுச்சந்துக்குள் நுழைந்துவிட்டு, வந்த வழியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார்.

“அக்கா, இன்னிக்கு எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கடைசி இருக்கையிலிருந்து கத்தினான் மைக். அவன் தொண்டைக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது.

பேருந்தே சிரித்தது. குட்டியும் சிரித்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளுக்குத்தான் உயரம் குறைவு.

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் காத்திருந்தார்.

“நாளைக்கும் மணி அடிச்ச பிறகு வந்தீங்கன்னா, வேற ஆளைத்தான் பாக்கணும்மா.”

“சரிங்க சார்.”

அவர் போனதும், அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அதைப் பார்த்த குட்டிக்கு, தான் ஏன் சிரித்தோம் என்றிருந்தது.

“அக்கா, வழி எழுதின பேப்பர் இல்லையா?”

“இருக்கு. அதைப் பாத்தா ரோட்டைப் பாக்க முடியல.”

“அப்போ நாளைக்கு நான் சொல்றேன். மூணு வருஷமா இதே வண்டிதானே.”

மறுநாள் முதலில் ஏறியவள் குட்டி. ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். ஆனால் அவளுடைய மெல்லிய குரலை இன்ஜின் விழுங்கிவிட்டது.

“என்ன சொன்ன?” என்று அக்கா கேட்பதற்குள், ஒரு திருப்பம் தாண்டிப் போயிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் மைக் ஏறினான்.

“உன் குரல் வேணும்,” என்றாள் குட்டி. “இன்னிக்கு லேட்டானா அக்காவுக்கு வேலை போயிடும்.”

மைக்கின் முகம் சுருங்கியது. கடைசி இருக்கைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அடுத்தது இடது,” என்று முணுமுணுத்தாள் குட்டி.

“இடது பக்கம்!” என்று முழங்கினான் மைக். எதிரே வந்த லாரிக்காரரே திரும்பிவிடுவார் போலிருந்தது.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் பேருந்து முழுவதும் சேர்ந்து வழி சொன்னது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி வாசலில் நின்றது. தலைமையாசிரியர் தம் கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

“நாளைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது,” என்றார் அக்கா. “நானே வரேன், பாருங்க.”

மறுநாள் நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மைக்தான் பாவம், இரண்டு கையாலும் பொத்தியிருந்தான்.

மருந்துக் கடை வந்தது. அக்கா திரும்பினார். முட்டுச்சந்து வந்தது. அக்கா திரும்பவில்லை.

பள்ளி வாசலில் வண்டி நின்றதும் எல்லோரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். அந்தக் கூச்சலில் மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை.