பக்கத்து ரூமில் அண்ணன்

வேலைக்காக வெளியூர் போன அண்ணன், தன் பழைய கம்ப்யூட்டரைத் தங்கை சுண்டெலிக்கே விட்டுவிட்டுப் போனான். சுண்டெலி என்பதும் அவன் வைத்த பட்டப்பெயர்தான். கம்ப்யூட்டரைத் திறந்தால், அவன் சி என்னும் கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல் ஓடும். ‘டேய் உருண்டை! பக்கத்து ரூம்லதான் இருக்கேன், ஓடி வா!’ என்று திரையில் பெரிதாகத் தெரியும்.

உருண்டை வீட்டின் கடைக்குட்டி. இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். தினமும் அதைப் படித்துவிட்டு விழுந்தடித்து ஓடுவான். கட்டில் காலியாக இருக்கும். அவ்வளவுதான், அவன் அழுகிற அழுகையில் வீடே இரண்டுபடும்.

“அந்த வரியை அழிச்சுடுடி, தாங்க முடியல” என்றாள் அம்மா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அழிப்பதா? அண்ணன் பேசுவது போலவே இருக்கும் வரி அது ஒன்றுதானே! முன்பெல்லாம் அண்ணனும் சுண்டெலியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்காருவார்கள். அவன் தட்டத் தட்ட, இவள் கேள்வி கேட்டே துளைத்தெடுப்பாள்.

சுண்டெலி நிரலைத் திறந்தாள். அதில் அண்ணன் எழுதிய ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டளை, ஒன்றின் பெயர் ‘சொல்லு’. அதன் அடைப்புக்குறிக்குள் எதை வைக்கிறோமோ, அதைத் திரையில் சொல்லும். அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே ஒரு கேள்வியையும் வைக்கலாம் என்று அவன் காட்டியிருந்தான்:

சொல்லு(அண்ணன்_வீட்டில் ? "..." : "...");

கேள்விக்குறிக்கு அப்புறம் வருவது, ஆமாம் என்றால் சொல்ல வேண்டியது. இரட்டைப் புள்ளிக்கு அப்புறம் வருவது, இல்லை என்றால் சொல்ல வேண்டியது.

சுண்டெலி கேள்வியைப் போட்டாள். கேள்விக்குறிக்கு அப்புறம் பழைய வரியை அப்படியே வைத்தாள். ஓடவிட்டால், ‘பிழை’ என்று முரண்டு பிடித்தது கம்ப்யூட்டர்.

“ஏன் இப்படி அடம்பிடிக்கிற?” என்று அதட்டினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘இல்லை’ என்றால் என்ன சொல்வது என்று அவள் எழுதவே இல்லையே! பாவம், உருண்டைக்கும் அண்ணன் வீட்டில் இல்லை என்பதை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

யோசித்து யோசித்து எழுதினாள். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழியம் என்பதால், ‘அண்ணன்_வீட்டில்’ என்பதற்குச் சுழியத்தையும் போட்டாள்.

மறுநாள் உருண்டை விரல் வைத்துப் படித்தான். “வெளி... வெளியூர்ல இருக்கேன்டா. லீவுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் என் தலையணை உனக்குத்தான்.”

“எனக்கா அக்கா?”

“உனக்கேதான்!”

தலையணையைத் தரதரவென்று இழுத்து வந்தான். அன்று அழவில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு விடியற்காலை, சுண்டெலி பூனை போல வந்து சுழியத்தை ஒன்றாக்கினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த உருண்டை படித்தான். “பக்கத்து ரூம்லதான் இருக்கேன், ஓடி வா!”

“போ அக்கா, பொய்!”

“ஓடித்தான் பாரேன்.”

ஓடினான். கட்டிலிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது.

“டேய் உருண்டை, என் தலையணை எங்கடா?”