கழற்றி மாட்டும் ஃபின்

இளமதிக்குக் கொஞ்ச நாளாக ஒரே கனவு. பச்சை நிறத்தில் ஓர் அலை வரும். அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் அவள். அலை அவளை அலுங்காமல் சுமந்துகொண்டு போகும். கரை வருவதற்குள் அம்மா எழுப்பிவிடுவார்.

பலகை உண்மையிலேயே இருந்தது. அவளுடைய அப்பா அன்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். அவர்தான் அதைச் செய்து கொடுத்தார். அடியில் மூன்று ஃபின்கள். மீனுக்குத் துடுப்பு மாதிரி, பலகை வழுக்காமல் இருக்க அவைதான் உதவும்.

தொட்டிக்காரர் அல்லவா? பசையைத் தாராளமாக ஊற்றி ஒட்டியிருந்தார்.

"யானை இஸ்தாலும் வராது!" என்று தட்டிக் காட்டினார்.

யானை இழுக்கவில்லை. கண்டக்டர்தான் இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் பழவேற்காடு கடற்கரைக்குப் போகும் பஸ் ஏறியதும், ஒரு ஃபின் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியின் கீரைக் கட்டைக் கிழித்துவிட்டது.

"இன்னா சார் இது, சுறா மீனா? பலகைய வேணா ஏத்து. அந்தக் கொம்பெல்லாம் வாணாம்" என்றார் கண்டக்டர்.

மறு ஞாயிறும் இதே கதைதான். இனி ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. அதற்கப்புறம் மழைக்காலம். தை பிறக்கும்வரை கடல் பக்கம் போகக்கூடாது என்று அம்மா கல்பனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளமதிக்கு அழுகை அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியைச் சர்ரென்று நகர்த்தி வெளியே எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி கம்பியின் பள்ளத்துக்குள் தள்ளினார்.

"அம்மா, அத ஒட்டலையா?"

"ஒட்டினா எப்படிடி எடுத்துத் தொடைக்கறது?"

இளமதி அப்படியே நின்றாள். பிறகு அப்பாவிடம் ஓடினாள். ஒட்டியிருந்த ஃபின்னைத் தடவிப் பார்த்தாள். அப்பா எவ்வளவு ஆசையாக ஒட்டினார்!

"நைனா, ஃபின்ன அறுத்துடலாமா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. "ஏம்மா, நா ஒட்டினது சரியில்லையா?"

"ரொம்ப நல்லா ஒட்டிக்கினு கீது நைனா. அதான் பேஜாரு! உன் பசைய ஃபின்னுக்கு வாணாம், ஷோகேஸ் கம்பி மாதிரி ஒரு பள்ளத்துக்குப் போடு. ஃபின்னு அதுக்குள்ள சறுக்கிப் போவட்டும். பஸ்ல கயட்டிக்கலாம், கடல்ல மாட்டிக்கலாம்."

அப்பா தாடையைச் சொறிந்தார். மெல்லச் சிரித்தார். "அப்ப யானைக்கு வேலை பள்ளத்துக்கிட்டதான்!"

சனிக்கிழமை ஃபின்களை அறுத்தார்கள். பள்ளம் உள்ள மூன்று அலுமினியக் கம்பிகளைப் பலகையின் அடியில் ஒட்டினார்கள். ஃபின் நழுவாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபின்கள் எலுமிச்சை சாதத்தோடு ஒரே பையில் பயணம் செய்தன. கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடல் அமைதியாக இருந்தது. அப்பா மார்பளவு தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபின்னுதான் கயட்ட வருதே, ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கலாம் நைனா" என்றாள் இளமதி.

நடுவில் ஒன்று மாட்டினார்கள். பலகை ரயில் மாதிரி நேராகவே போனது, திரும்ப மறுத்தது. நடுவை எடுத்துவிட்டு ஓரங்களில் இரண்டு மாட்டினார்கள். பின்பக்கம் வழுக்கி, இளமதி தொப்பென்று விழுந்தாள். மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர்.

"மூணும் போடு நைனா!"

பச்சை நிறத்தில் ஓர் அலை வந்தது. அப்பா பலகையைத் தள்ளினார். இளமதி முட்டி போட்டாள், எழுந்தாள், கைகளை விரித்தாள். பலகை வழுக்கவில்லை. அவள் சாய்ந்த பக்கம் அதுவும் திரும்பியது. காற்று காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. இளமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கணுக்கால் தண்ணீரில் ஃபின்கள் மணலைத் தொட்டன. பலகை மெல்ல நின்றது. அலை திரும்பிப் போயே போய்விட்டது.

"எறங்கும்மா, கரை வந்துடுச்சு!" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

"இரு நைனா" என்றாள் இளமதி. விரித்த கைகளை மடக்காமல், மணலில் நின்ற பலகைமேல் இன்னும் போய்க்கொண்டே இருந்தாள்.