குட்டியை வெட்டிய படம்

கண்டனூரில் அந்த வீட்டு வாசலில் லோடு ஆட்டோ நின்றபோது காலை பதினொரு மணி. வைகாசி வெயில். பழைய போர்வை சுற்றிய பிரேம்களை காவலாளி மருது ஒவ்வொன்றாக இறக்கினார். காரைக்குடியில் நான் பிரேம் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ, இறந்தவர்கள் படம் என்று இருபது வருஷமாகக் கண்ணாடிக்குள் அடைத்துக் கொடுக்கிறேன். திமிங்கலங்களை அடைத்தது அதுதான் முதல்முறை.

வீட்டுக்காரர் ஹரீஷ், பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். எங்கும் இருக்கிற தஞ்சாவூர் ஓவியம் வேண்டாம், யாரும் மாட்டாத எதையாவது மாட்ட வேண்டும் என்று ஆசை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் விலங்கியல் புத்தகங்களிலிருந்து திமிங்கலப் படங்களை எடுத்து, கெட்டித் தாளில் பெரிதாக அச்சடித்து வாங்கியிருந்தார். பத்துப் படங்களைக் கடையிலேயே முடித்துவிட்டேன். பதினொன்றாவது ஐந்தடி நீளம். அதைச் சாப்பாட்டு ஹாலில் வைத்தே பிரேம் போடுவதாக ஏற்பாடு.

தரையில் விரித்தேன். கறுப்பு மையால் வரைந்த கடல். நடுவில் ஒரு தாய்த் திமிங்கலம். அதன் வலப்பக்கம் குட்டி. குட்டியின் விலாவில் ஈட்டி இறங்கியிருந்தது. ஈட்டியிலிருந்து ஒரு கயிறு, தாளின் ஓரத்தில் தெரிந்த படகுவரை விறைப்பாக நீண்டிருந்தது.

"அந்தக் காலத்துத் தந்திரம்க்கா இது," என்றார் ஹரீஷ். "முதல்ல குட்டியைக் குத்துவாங்க. சாகாத மாதிரிக் குத்தணும். அது துடிக்கிற வரைக்கும் தாய் எங்கயும் போகாது. அப்புறம் நிதானமா தாயைக் குத்தலாம்."

சிரித்தார்.

"ஆனா சாப்பிடுற எடத்துல இது எதுக்கு? குட்டி இருக்கிற பக்கத்தை வெட்டிருங்க. தாய் மட்டும் போதும்."

அவருடைய ஏழு வயது மகள் அக்ஷரா பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"வெட்டாதீங்க ஆன்ட்டி. அதுக்கு அம்மா வேணும்ல?"

சொன்னபடி வெட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியை இழுத்தேன்.

தாள் வெட்டுப்படும் சத்தம் வரவில்லை. கோழித்தோலைக் கிழிக்கிற சத்தம் வந்தது.

கத்தி முனையில் ஒரு சொட்டு ஈரம். என் நெற்றி வேர்வைதான் விழுந்திருக்கும் என்று துடைத்துக்கொண்டேன். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த, வெட்டிய துண்டை அவளிடம் நீட்டினேன்.

"இந்தா, நீயே வச்சுக்க. நீ பாத்துக்க."

அதை நான்தான் கொடுத்தேன்.

தாயை மட்டும் பிரேம் போட்டு ஹால் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மருது போன் செய்தார். "படம் ஒருக்களிச்சுத் தொங்குது. வந்து பாத்துட்டுப் போங்க." போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் மீனெண்ணெய் வாடை முகத்தில் அறைந்தது. பிரேமைத் தூக்கிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய் கசிந்து இறங்கியிருந்தது. விரலால் தொட்டேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் அக்ஷரா நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குளிச்சியாம்மா?"

"இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அதோட அம்மா வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. அதுக்குத் தன் குட்டி எதுன்னு தெரியல."

கையிலிருந்த துண்டுத் தாளை விரித்துக் காட்டினாள்.

படகு இருந்தது. கயிறு இருந்தது.

கயிற்றின் முனையில் குட்டி இல்லை.

"ஆன்ட்டி, எனக்கு இங்க வலிக்குது."

சட்டையைத் தூக்கினாள். விலாவில் ஒரு ரூபாய்க் காசளவுக்குக் கன்றிப்போய், நடுவில் குழிந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அவளுடைய அம்மா நீலாயதாட்சி ஆச்சி ஓடி வந்தார். பிள்ளையின் விலாவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒட்டிருங்க ஃபாயிஸா. இப்பவே பிரிச்சு, இதைத் திரும்ப ஒட்டிருங்க. நல்லா இருப்பீக."

நான் பசையை எடுத்துவிட்டேன். அதற்குள் ஹரீஷ் வந்துவிட்டார்.

"பூச்சி கடிச்சதுக்கு இவ்வளவு கூத்தா? சனிக்கிழமை கெஸ்ட் வர்றாங்க. படத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

பிள்ளையின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். சமையல்கட்டுக்குப் போய், எரிகிற அடுப்பில் போட்டார்.

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பிள்ளைகள் அப்படி அலற மாட்டார்கள். மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு நீளமான சத்தம் வராது.

நான் குறுக்கே விழுந்து தடுத்திருக்கலாம். பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "வேற எடத்துல ஆள் பாத்துக்குவேன்" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று நின்றேன்.

ஆச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் படுக்கவைத்தார். டாக்டரைக் கூட்டிவர மருது வண்டியை எடுத்தார். ஆச்சி தண்ணீர் எடுக்கச் சமையல்கட்டுக்குப் போய்த் திரும்பினார். அவ்வளவு நேரம்தான்.

படுக்கையில் பிள்ளை இல்லை.

ஹாலில், படத்துக்குக் கீழே கிடந்தாள். நடுப்பகல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்து கிடந்தது. அவள் உடுப்பும் காய்ந்திருந்தது. ஹரீஷ் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்தார். அவள் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. ஒரு பிள்ளைக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது. அந்தத் தண்ணீரில் பொடி இறால் ஒன்று உயிரோடு துள்ளியது.

நுரையீரல் முழுக்கக் கடல்நீர் என்றார்கள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்கள். கண்டனூரிலிருந்து கடல் எத்தனையோ மைல் தூரம். போலீஸ் வந்து தொட்டியைப் பார்த்தது, குளியலறையைப் பார்த்தது, எங்கள் எல்லோரையும் விசாரித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் ஹரீஷ் சென்னைக்குப் போய்விட்டார். ஆச்சி போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து மருது என் கடைக்கே வந்தார்.

"ஆச்சி அந்த ஹாலை விட்டு வெளிய வர மாட்டேங்குறாக. சாப்பாடும் எறங்கல. படத்தையாவது கழட்டிக் கொண்டு போயிருங்க தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஏணியோடு போனேன். ஆச்சி படத்துக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். உதடுகள் உப்புப் பூத்து வெடித்திருந்தன. நான் ஏணியைச் சாத்தியதும் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீக."

"ஆச்சி, இங்குட்டு இருந்தா செத்துப் போவீக. வாங்க, வெளிய போயிருவோம்."

"எம்புள்ளைய விட்டுட்டு எங்குட்டுப் போறது?" என்று கிசுகிசுத்தார். "செத்த நேரம் பேசாம நில்லுங்க. மேல வருவா."

நின்றேன். ஹாலில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

சுவருக்குள், வெகு ஆழத்திலிருந்து, ஏதோ மேலேறி வந்தது.

பிறகு ஒரு மூச்சு. ஹால் முழுவதும் நிறைகிற மூச்சு. ஏணி என் கைக்குள் அதிர்ந்தது. மீனெண்ணெய் வாடை என் முகத்தில் ஈரமாகப் படிந்தது.

அதற்குப் பின்னால், சின்னதாக இன்னொரு மூச்சு. நடுவில் ஓர் இருமல்.

ஆச்சி எழுந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, நனைந்த சுவரில் ஓர் இடத்தை, பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல, மெல்லத் துடைத்தார்.