பன்னிரண்டாவது நெடுவரிசை

மர அறுவை ஆலையின் மாடி அறைக்கு மென்பொருள்காரன் மகராசன் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. கீழே ரம்பம் ஓடிய ஓட்டத்தில் மேசை அதிர்ந்தது. அறை முழுக்கப் பச்சை மர வாடை. தொழிலாளர் விவரங்களைப் பழைய கணினியிலிருந்து புதிய செயலிக்கு மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம் என்று நினைத்தான். கீழே ரம்பத்தில் நின்றவன் அவனுடைய தம்பி, அப்பா போனபின் மகராசன் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை.

தொழிலாளர் அட்டவணையில் என்னென்ன நெடுவரிசைகள் இருக்கின்றன என்று முதலில் செயலியைக் கேட்டான். பெயர், வயது, பிரிவு என்று பதினொன்று வரவேண்டும். பன்னிரண்டு வந்தது.

கடைசியில் இருந்தது ‘விரல்’.

அதற்குள் எந்த ஆளுக்கும் ஒரு தகவலும் இல்லை. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த ஆலைக் குமாஸ்தாவின் முகம் வெளிறியது. போன வருடம் இதே நாற்காலியில் வேலை பார்த்தவர் ரம்பத்தில் விழுந்து துண்டு துண்டாகப் போனதையும், அன்றிலிருந்து இந்தப் பட்டியலில் ஏதேதோ முளைப்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அதை மட்டும் தொடாதீங்க சார்.”

தொழில் புத்தி சும்மா இருக்குமா? காலியாகக் கிடப்பதை அழித்தால் யாருக்கு என்ன போச்சு என்று அழித்தான்.

ரம்பத்தின் சத்தம் மாறியது.

பிறகு அலறல். ஜன்னலுக்கு ஓடினான். கட்டை தூக்குகிறவர் இடது கையைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். மரத்தூளில் நான்கு விரல்கள் கிடந்தன. ஐயோ, அதில் ஒன்று இன்னும் துடித்தது.

திரைக்குத் திரும்பி மறுபடி பட்டியலைக் கேட்டான். மறுபடியும் பன்னிரண்டு.

‘கழுத்து’.

இருவரும் விசைப்பலகையைத் தொடவில்லை. திரையில் அழிக்கும் கட்டளை எழுத்தெழுத்தாக வந்தது. கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகராசன் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினான். குமாஸ்தாவும் பின்னாலேயே ஓடிவந்தார். ரம்பத்தை நிறுத்தி, தம்பியின் சட்டையைப் பிடித்து முற்றத்து வெயிலுக்கு இழுத்துவந்தான். முழுசாக நின்ற பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. நெளிந்தான்.

“அண்ணா, கழுத்துல சுருக்குனு ஏதோ குத்துது. என்னன்னு பாரேன்.”

காதுக்குக் கீழே, நூல் போல ஒரு சிவப்புக் கோடு.

ஆளில்லாத மாடியறையில் ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது.

கோடு நீண்டது. ரத்தம் காலரில் இறங்கியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான்.

மேலே அடுத்த தட்டல்.

அவன் கைக்கு அடியிலேயே தோல் பிளந்துகொண்டு போனது.